தரணி கம்பெனி விசில்

திருட்டுத்தனமாக பாய்லர் ஓட்டுகிறவனுக்குக் கொஞ்சமும் தேவைப்படாத சாமான் ஒன்று உலகத்தில் உண்டென்றால் அது ரயில் இன்ஜினின் விசில்தான். இது தரணீதரனுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். சாயப்பட்டறை நடத்துகிறவன், பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், ரோட்டரி கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரே சோறு தின்றுவிட்டுச் சாய்ந்திருக்கும் நேரத்தில், தன் கையாலேயே வால்வைத் திறந்து ஊதினான். ஊதிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் அவனுக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

விசில் பாண்டித்துரை செய்தது. பாண்டித்துரை உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். அருள்புரத்தில் லேத் பட்டறை வைத்து, பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின்களுக்கு உதிரிப்பாகங்கள் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்ற வார்த்தைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. தான் கடைந்த போல்ட்டைக்கூட கையில் உருட்டிக் காட்டி, "இதெல்லாம் சாமி வந்து செஞ்சாத்தேன் இப்படி வரும்" என்பார்.

டி-ஷர்ட் வாங்க வருகிற இங்கிலாந்துக்காரர் ஒருவருக்கு வினோதமான பொழுதுபோக்கு இருந்தது. அவர் ஊரில் பழைய நீராவி ரயில் ஒன்றை, வேலைவெட்டி உள்ள பெரிய மனிதர்களே சேர்ந்து, விடுமுறை நாட்களில் கரி பூசிக்கொண்டு ஓட்டுகிறார்களாம். சம்பளம் கிடையாது. அந்த இன்ஜினுக்குப் பித்தளை விசில் ஒன்று வேண்டுமென்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். கேட்டது பாண்டித்துரையின் காதில் விழுந்துவிட்டது. அவர் செய்து கொடுத்த விசில் அங்கே போய் ஊதியதும், அந்த மனிதரின் சிநேகிதர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு ஏதோ இரண்டு மூன்று போகும். லாபமென்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலை கையில் இருக்கும்போது நிட்டிங் மிஷின்காரர்கள் யார் கூப்பிட்டாலும் பாண்டித்துரை போனை எடுக்கமாட்டார்.

பார்க்க எளிதான சாமான்தான். கீழே ஒரு கிண்ணம், அதன் வாயை அடைத்தாற்போல் ஒரு தட்டு, தட்டைச் சுற்றி நூல் அளவுக்கு ஒரு இடுக்கு, மேலே கவிழ்த்த மணி. ஆவி அந்த இடுக்கு வழியாகச் சீறி மேலே ஏறி, மணியின் விளிம்பில் மோதினால் சத்தம். மணிக்குள்ளே மூன்று அறை தடுத்து, மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்படி பாண்டித்துரை செய்வார். இடுக்கு ஒரு மயிரிழை கோணினாலும் விசில் இருமும். அதனால் ஒவ்வொன்றையும் ஊதிப் பார்க்காமல் அனுப்பமாட்டார்.

ஊதிப் பார்க்க ஆவி வேண்டும். கம்ப்ரசரில் காற்றை அடித்து ஊதிப் பார்க்கக்கூடாதா என்று ஒருமுறை தரணி கேட்டதற்கு, அவர் தன் பெண்ணைப் பற்றி யாரோ தப்பாகப் பேசிவிட்டதுபோல் முறைத்தார்.

"காத்துல ஊதுனா எருமை கத்துற மாதிரி அடித்தொண்டையில கத்தும்ணே. அதே விசிலு ஆவியில ஊதுனா மேல ஏறி நிக்கும். காது கேக்காதவனுக்குக் கூட வித்தியாசம் தெரிஞ்சு போகும். ரயிலு என்ன காத்துலயா ஓடுது?"

அதனால் எல்லா விசிலும் தரணியின் பாய்லரில்தான் முதல் மூச்சு விட்டன. பாண்டித்துரை குழாயில் மாட்டுவார், வால்வைத் தரணி திறப்பான். அது அவர்களுக்குள் வழக்கமாகிவிட்டது. சுற்றுவட்டாரத்துக்கும் அந்தச் சத்தம் பழகிப்போனது. ரயில் பாதையே இல்லாத காட்டில் ரயில் கூவும். களை வெட்டும் பெண்கள் நிமிர்ந்து, "தரணி கம்பெனி ரயிலு கெளம்பீருச்சு, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று ஒருத்தியை ஒருத்தி கேலி செய்வார்கள். பட்டறையை ஒட்டிய ஓடைக்குக் கீழ்ப்புறம் தோட்டம் வைத்திருந்த தரணியின் அக்கா சாரதாமணியும் அப்படிச் சிரித்தவள்தான்.

பிறகு அக்காவின் கிணறு நிறம் மாறியது.

முதலில் லேசான ரோஸ். அப்புறம் கத்திரிக்காய்த் தோல் மாதிரி ஒரு நிறம். மாடு முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. தென்னை குரும்பையிலேயே காயை உதிர்த்தது. சாயத்தண்ணீரை ஓடையில் விட்டது தரணி ஒருவன் மட்டுமல்ல. ஆனால் அக்காவின் தோட்டத்துக்கு நேர் மேலே இருந்த பட்டறை அவனுடையது. அவர்கள் அப்பன் உழுத மண்ணின் மேல்பாதியில் பட்டறை, கீழ்ப்பாதியில் அக்காவின் கிணறு. மேலே இருப்பவன் கழித்ததைக் கீழே இருப்பவள் குடித்தாள். இதை இதைவிட நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. மகள் இந்துமதிக்குக் கல்யாணம் நிச்சயமானபோது ஒன்றே ஒன்று சொன்னாள். மச்சான் இறந்தபின் அந்த வீட்டுக்கு ஆண்துணை தரணிதான். தாய்மாமன் சீர் சுமந்து, மேளத்தோடு மண்டபத்துக்குள் முதலில் நுழைய வேண்டியவன் அவன்.

"ஊர்க்காரங்க கெணத்தையெல்லாம் கெடுத்துப்போட்டு நீ கொண்டார சீர நான் எப்புடிச் சாமி கைநீட்டி வாங்கறது? சாயத்தண்ணியச் சுத்தம் பண்ற சுத்திகரிப்பு வேலை முடியற வரைக்கும் பாய்லரப் பத்த வைக்கமாட்டேன்னு சொல்லு. கோயில்ல வந்து சொல்லு."

குலதெய்வம் கோயிலில், அக்காவும் கீழ்த்தோட்டத்துக்காரர்களும் பார்க்க, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தான். அதற்குமேல் எங்கள் பக்கத்தில் ஒரு மனிதன் கொடுக்க வாக்கு கிடையாது. சொன்னபடி நின்றும் காட்டினான். பட்டறை மூடிக் கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து மணியன்கூட, "தரணி சொன்னாச் சொன்னதுதான்" என்று டீக்கடையில் சொன்னதாகக் கேள்வி.

கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது துணி கொடுக்கும் பழைய பார்ட்டி ஒருவர் போன் செய்தார். ஒரே ஒரு லாட் துணி, கருநீலம், அவசரம். இப்போது சாயம் போட்டுத் தராவிட்டால் இனிமேல் உன் பட்டறைப் பக்கமே துணி வராது என்றார். ஒரே ஒரு லாட்தானே என்று தரணி நினைத்தான். தண்ணீரை ஓடையில் விடாமல் பின்னால் குழியில் தேக்கிக்கொண்டால் அது சத்தியத்தை மீறியதாகாது என்றும் நினைத்தான். அவன் சத்தியம் செய்தது தண்ணீரைப் பற்றி அல்ல, தீயைப் பற்றி. அதை நினைக்காமல் இருக்க அவன் ரொம்பவும் பாடுபட்டான்.

ஒளிப்பதில் கெட்டிக்காரத்தனமாகத்தான் இருந்தான். பக்கத்தில் துணியைச் சுருக்கம் நீக்கித் தேய்க்கும் கம்பெனி ஒன்றில் சின்ன பாய்லர் தினமும் புகைவதால், புகையைப் பார்த்து யாரும் சந்தேகப்படமாட்டார்கள். முன்பக்க கேட்டைப் பூட்டினான். இசக்கிமுத்து என்ற திருநெல்வேலிக்கார பாய்லர்மேனையும் இன்னும் இரண்டு பேரையும் மட்டும் பின்வழியாக வரச் சொன்னான். ரேடியோகூட போடக்கூடாது என்று சொல்லியிருந்தான்.

அந்தப் பின்வழியாகத்தான் பாண்டித்துரையும் வந்தார். பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய விசில் கக்கத்தில் இருந்தது. பட்டறை மூடியிருப்பது அவருக்குத் தெரியும். சும்மா காட்டிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் ஆவிக்குழாயைப் பார்த்தார். அதன்மேல் கையை வைத்து வெடுக்கென்று எடுத்தார்.

"அண்ணே! சூடா இருக்கு!"

"மெதுவாங்க பாண்டி."

"நாளைக்கி கூரியர்ல போட்டே ஆகணும்ணே. ஆவிக்கு எங்க போறதுன்னு தூங்காம கெடந்தேன். சாமியாப் பாத்து வச்சிருக்கு. இந்தா, இதப் பாருங்க, இந்த மாதிரி இதுவரைக்கும் செஞ்சதில்ல."

பொய்யில்லை. துணியை விலக்கியபோது பித்தளை அப்போதுதான் பூத்த மாதிரி இருந்தது. மணியின் தோளில் ஒரு கீறல் கிடையாது. தரணி கையில் வாங்கிப் பார்த்தான். எடை கையை இழுத்தது. பல மாதங்களாகப் பூட்டிய பட்டறையையும் வங்கிக்காரர்களின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, அழகாகச் செய்த ஒரு சாமானைக் கையில் வாங்கியதும் மனசு இளகிவிட்டது. அவன் யோசிக்கவே இல்லை. பாண்டித்துரை குழாயில் மாட்டினார். தரணியின் கை வழக்கம்போல் வால்வுக்குப் போனது.

முதலில் தண்ணீரைத் துப்பியது. ஒரு கொப்பளிப்பு. அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு குரல், மூன்று பேர் ஒரே மூச்சில் பாடுகிற மாதிரி. தகரக் கூரை அதிர்ந்தது. வேம்பிலிருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. பாண்டித்துரை இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கத்தினார். தரணி சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் திறந்தான்.

இசக்கிமுத்து ஓடி வந்து அவன் கையைப் பிடித்து வால்வை மூடினான்.

"என்ன அண்ணாச்சி செய்யுதீய? ஊருக்கே கேக்குமே!"

தரணிக்கு அப்போதுதான் விளங்கியது. புகையை ஒளித்தான், தண்ணீரை ஒளித்தான், ஆளை ஒளித்தான். ஒளித்ததையெல்லாம் தானே கூரைமேல் ஏறி நின்று கூவிவிட்டான்.  நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட முடிந்தால் போயிருப்பான்.

"காத்துல ஊதுனதுன்னு சொல்லீரலாம்," என்றான் கடைசியில். "கம்ப்ரசர்ல. கேட்டா அப்படியே சொல்லுங்க பாண்டி."

பாண்டித்துரை திகைத்துப்போனார். "இந்தச் சத்தமா? காத்துலயா? யாருண்ணே நம்புவா?"

"அவங்களுக்கு இதெல்லாம் என்ன தெரியுமுங்க?"

அதைச் சொன்ன நொடியே அவனுக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது. அவங்க என்று அவன் சொன்னது அக்காவை.

போன் அடித்தது. அக்காதான்.

"தம்பி, ரயில் சத்தம் கேட்டுது."

"பாண்டி காத்துல ஊதிப் பாத்தாருங்க்கா. கம்ப்ரசர் இருக்குதில்லீங்க, அதுல." குரல் நடுங்காமல் வந்தது. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"அதானே கண்ணு," என்றாள் அக்கா. மூச்சை விட்டது போனிலேயே கேட்டது. "மணியண்ணன் இங்க வந்து நின்னுட்டு குதிக்கறாரு. எந்தம்பி கற்பூரத்த அணைச்சவன், அவன் அப்புடியெல்லாம் செய்யமாட்டான்னு நாஞ் சொல்லீட்டேன். இரு, இவங்களையும் கூட்டீட்டு வாறேன். ஒருக்கா ஊதிக் காட்டீரு, வாய மூடிக்குவாங்க."

வேண்டாமென்று சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள். சந்தேகப்பட்டிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். நம்பிவிட்டாள். 

பாய்லர் தீயை நினைத்த மாத்திரத்தில் அணைக்க முடியாது. மற்ற இரண்டு பேரையும் பின்வழியாக அனுப்பிவிட்டு, தீயைப் பார்த்துக்கொள்ள இசக்கிமுத்துவை உள்ளே வைத்தே பாய்லர் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். உள்ளே ஒரு மனிதன் வெந்துகொண்டிருக்கிறான் என்பதுகூட அப்போது அவனுக்கு உறைக்கவில்லை.

அக்கா நல்ல சேலை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். தம்பியின் பட்டறைக்கு ஊர்க்காரர்களோடு வருவதால் இருக்கும். பின்னால் மணியனும் கீழ்த்தோட்டத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேரும். எல்லாரும் அவன் சின்ன வயதிலிருந்து மாமன், பெரியப்பன் என்று கூப்பிட்டவர்கள். கேட்டுக்குள் வந்தும் யாரும் உட்காரவில்லை.

"ஏனுங்க பாண்டி, அந்த ரயிலக் கொஞ்சம் ஊதிக் காட்டுங்க," என்றாள் அக்கா. ஏதோ குழந்தையைப் பாடச் சொல்கிற பெருமை அவள் முகத்தில்.

"இப்ப எதுக்குங்க்கா, அதக் கழட்டி பார்சல் பண்ணி..."

"ஊதட்டும் தம்பி. ஒரு நிமிச வேலை."

பாண்டித்துரை தரணியைப் பார்த்தார். தரணி தரையைப் பார்த்தான். அவர் விசிலை கம்ப்ரசர் குழாயில் மாட்டினார்.  வால்வைத் திறந்தார்.

கத்தியது. சேற்றில் மாட்டிக்கொண்ட எருமை எப்படிக் கத்தும், அப்படித்தான். மூன்று குரலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடித்தொண்டையில் முனகி, காற்று தீர்ந்ததும் இளைத்து அடங்கின. வித்தியாசம் தெரிய சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டுக் களை வெட்டினவர்கள் அவர்கள்.

 மணியன் மெல்லத் திரும்பிப் பூட்டியிருந்த பாய்லர் அறைக் கதவைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். தரணி அக்காவைத்தான் பார்த்தான். பார்த்திருக்கக்கூடாது. அவள் முகத்திலிருந்த பெருமை ஒன்றும் கீழே விழவில்லை. அப்படியே இருந்தது. கண் மட்டும் செத்துப்போனது.

"ஏனம்மணி," என்றார் மணியன், அவனிடம் அல்ல, அவளிடம். "நாம கேட்டது இதுதானா?"

அந்த நேரத்தில் தரணி வாயைத் திறந்திருக்கலாம். சாவி பையில்தான் இருந்தது.  அவன் அக்கா சொல்லட்டும் என்று காத்திருந்தான். ஒரு வேலையையும் தானாகச் செய்யாமல், சின்ன வயதிலிருந்து எல்லாவற்றுக்கும் அக்கா முகத்தைப் பார்க்கிறவனாகவே நின்றான்.

"இதேதானுங்கண்ணா," என்றாள் சாரதாமணி.

"அம்மணி..."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. கெட்டுப்போனது எங்கெணறு. நானே சொல்றேன், இதே சத்தந்தான். போலாம் வாங்க."

அதற்குமேல் யார் என்ன பேசமுடியும்? கிணற்றைப் பறிகொடுத்தவளே சாட்சி சொன்னபின் மணியன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மற்றவர்கள் தலையைக் குனிந்தபடி கேட்டைப் பார்த்து நடந்தார்கள். அவள் பொய் சொன்னாள் என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அதுவரை பொய் சொல்லியே பழகாத அந்த வாயில் முதல் பொய்யை வைத்தவன் தரணி.

பாண்டித்துரை விசிலைக் கழற்றித் துணியில் சுற்றினார். "நாஞ் சொல்லியிருக்கணும்ணே," என்றார். கண் கலங்கியிருந்தது. "என் விசிலு அப்படிக் கத்துதுன்னு ஒரு பொம்பள ஊருக்கு முன்னால ஒத்துக்கிட்டாக. நான் மரம் மாதிரி நின்னுட்டேன்." பின்வழியாகப் போய்விட்டார்.

அக்கா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

"தம்பி, சீரு கொண்டாந்துரு."

அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை. "நான் வல்லீங்க்கா. எந்த மூஞ்சிய வச்சுட்டு அந்தச் சபையில வந்து நிக்கறது..."

"வரோணும். நீ வராமப் போனா நாஞ் சொன்னது பொய்யின்னு ஆயிரும்." அவள் குரல் ஏறவே இல்லை. "மேளத்தோட வரோணும். முன்னால நடந்து வரோணும். சிரிச்சுட்டு வரோணும். ஊரே பாத்துட்டு இருக்கும்."

"தீய இப்பவே அணைச்சர்றனுங்க்கா. சத்தியமா..."

"அந்த வார்த்தைய எங்கிட்டச் சொல்லாத."

பாய்லர் அறைக் கதவைப் பார்த்தாள். "உள்ள ஆளு இருந்தா மொதல்ல தொறந்து உடு," என்றாள்.

பிறகு முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனாள். அங்கே மணியனும் மற்றவர்களும் அவளுக்காகக் காத்திருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவது தரணிக்குத் தெளிவாகக் கேட்டது. கல்யாணத்துக்குத் தம்பி இந்துவுக்கு ஆரம் செய்யக் கொடுத்திருக்கிறானாம். பட்டுக்குக் காஞ்சிபுரத்துக்கே போய்வந்தானாம். அக்கா, எம்புள்ளைக்குச் செய்யற மாதிரிச் செய்வேன் என்று சொன்னானாம். எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு போனாள்.

அவன் அதில் ஒன்றைக்கூடச் செய்ததுமில்லை, அவளிடம் சொன்னதுமில்லை.